அரையர்

திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்களான நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தை இசைத்து, அபிநயித்து, பொருளும் உரைக்கும் பரம்பரையினரின் தொழிற்பெயர். ‘அரசர்’ என்பதே ‘அரையர்’ என்று திரிந்தது. ஆள்வோரைக் குறித்த பட்டம் பாடுவோருக்குப் பெயரானது தமிழுக்கு அளித்த மரியாதை என்றே கொள்ளலாம். ‘விண்ணப்பம் செய்வார்’ என்ற பெயரும் இவர்களுக்கு உண்டு; இறைவன் முன் பாசுரத்தை விண்ணப்பிப்பதே இவர்கள் தொழில்.

இச்சேவையை வைணவ ஆசாரியர் நாதமுனிகள் தொடங்கி, தம் மருமக்கள் இருவருக்கும் இசையோடு கற்பித்தார் என்பது வைணவ மரபு. பின்வந்த ஆசாரியர் ஆளவந்தாரின் மகன் திருவரங்கப்பெருமாள் அரையர் இராமானுசரின் ஆசிரியர்களுள் ஒருவர். தொழில் அவர் பெயரோடு ஒன்றிவிட்டது. ஆங்கிலேயரிடம் கொல்லரைக் குறித்த ‘ஸ்மித்’ தொழிலை விட்ட பின்னும் குடும்பப்பெயராக நிலைத்தது. அரையர் பெயரோ இன்றும் தொழிலைச் சுமக்கிறது.

மார்கழியில் அரையர்கள் பாடும் பத்துப் பகல் விழாவான பகல்பத்து திருவரங்கக் கோயிலின் அருச்சுன மண்டபத்திலும், பத்து இரவு விழாவான இராப்பத்து ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபத்திலும் நடைபெறும். கூம்புக் குல்லாயும் கைத்தாளமும் அரையரின் அடையாளங்கள். திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்தின் மேல்கோட்டை ஆகிய ஊர்களிலும் அரையர் மரபு உண்டு.