பழங்கற்படி

1

காஞ்சிபுரத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை இணையதளமாக்கி வைத்திருக்கிறோம். தளம் ட்ரூபல் 7 என்னும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் ஓடுகிறது. கட்டுரை, எழுதியவர் பெயர், இதழ் எண் எல்லாவற்றையும் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, கேட்கிறபோது பக்கமாக அடுக்கித் தருகிற ஏற்பாடு அது. 2011 ஜனவரி 5 அன்று வெளியான அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது. தளத்தைக் கவனித்துக்கொள்ளும் தம்பி கேட்டார்: "அண்ணா, இப்பவே மாத்திடலாமா, ஓடுற வரைக்கும் ஓடட்டுமா?"

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றுதான் முதலில் பட்டது. யோசித்துப் பார்த்தால், தமிழ் படித்தவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஓலையிலிருந்து தாளுக்கு வந்ததைப் 'பதிப்பு வரலாறு' என்று பேசுகிறோம். யார் பதிப்பித்தார், எத்தனை ஏடு தேடினார் என்று பேசுகிறோம். எப்போது மாற்றுவது, அந்தத் தேதியைக் குறிப்பது யார் என்பதைப் பற்றி மட்டும் ஒரு மௌனம் இருக்கிறது. புதுக்கருவி வந்தது, ஆகவே மாறினோம் என்று தொழில்நுட்பத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

2

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'மேம்படுத்தல்' என்ற ஒரே சொல் இரண்டு வேறு காரியங்களை மூடி வைத்திருக்கிறது.

ஒன்று, ஓட்டை அடைப்பது. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அறிவித்து, திருத்தத்தையும் அன்றே வெளியிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழு சொன்னது: அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் திருத்தப்படாத எந்தத் தளமும் பிறர் கைக்குப் போய்விட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள். இதில் யோசிக்க இடமே இல்லை. ஒழுகுகிற ஓட்டை அன்றைக்கே மாற்றியாக வேண்டும்.

மற்றது, வீடு மாறுவது. 2015 நவம்பரில் வந்த ட்ரூபல் 8 உள்ளே வேறு விதமாக எழுதப்பட்டது. 7-இலிருந்து அங்கே போவதென்றால் தளத்தைப் புதிதாகக் கட்டி, பழைய சரக்கையெல்லாம் கொண்டுபோய் இறக்க வேண்டும். பலர் போகவில்லை. 2021 நவம்பர் என்று முதலில் குறித்த முடிவு நாள் 2022-க்கும் 2023-க்கும் தள்ளிப்போய், கடைசியில் 2025-இல் நின்றது. பெருந்தொற்று ஒரு காரணம். இருந்த இடத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்த தளங்கள் இன்னொரு காரணம். மேலிருந்து குறிக்கப்படுகிற தேதி கீழே இருப்பவர்களால் நகர்த்தப்படக்கூடியது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

3

கோயில் ஊர்க்காரர்களுக்கு இது புதிய சிக்கலல்ல. கோயிலைப் பிரித்துக் கட்டும்போது சுவரில் இருக்கிற கல்வெட்டை என்ன செய்வது? கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் விமானத்தைப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவரைப் பிரிப்பதற்கு முன்பே அதிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் ஆணை. அவை திரும்பக் கல்லில் ஏறியது இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில். இடையில் ஏறத்தாழ 13 ஆண்டுகள் அந்தப் பிரதிகள் புத்தகத்தில் மட்டுமே இருந்தன. யார் கொடுத்த நிலம், எந்த விளக்குக்கு எத்தனை ஆடு, யாருக்கு எந்த உரிமை என்பதற்கெல்லாம் கல்வெட்டுதான் சாட்சி. அந்த 13 ஆண்டுகள் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவரிடம் எவ்வளவு அதிகாரம் இருந்திருக்கும்!

அதற்கு முன்பே, பத்தாம் நூற்றாண்டில், திருக்கோடிகாவலைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார் பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டவைத்தார். வெட்டியதோடு நிற்காமல், இது பழங்கல்லின் படி என்று குறித்தும் வைத்தார்கள். வாசகம் ஒரு காலத்தது, எழுத்து இன்னொரு காலத்தது என்பதை ஒளிக்காத நேர்மை அது.

இன்னும் பக்கத்தில், எங்கள் மாவட்டத்து உத்திரமேரூருக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-இல் வெட்டிய குடவோலை விதியை இரண்டே ஆண்டில், 921-இல், திருத்தினார்கள். வேட்பாளர் வயது 30-க்கு மேல் 60-க்குள் என்று இருந்தது 35-க்கு மேல் 70-க்குள் என்று ஆனது. நம் பாடப்புத்தகங்கள் அதை 'ஜனநாயகம்' என்று கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பழைய விதியை அவர்கள் கொத்தி எடுக்கவில்லை. இரண்டும் இன்றும் அந்தச் சுவரில் இருப்பதால்தான் என்ன மாறியது என்று நம்மால் கேட்க முடிகிறது.

4

இனி எழுத்துக்கு வருவோம். பெரியார் 1935-இல் தம் ஏடுகளில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது 1978-இல், அவருடைய நூற்றாண்டை ஒட்டி. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. வீட்டுக் கணிப்பொறியில் அது ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000 போன்றவை வரவேண்டியிருந்தது. தமிழக அரசு அதை ஏற்றது 2010-இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. அரசு குறிக்கிற தேதி பெரும்பாலும் ஒரு விழாவின் தேதியாகவே இருக்கிறது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அப்படிக் காத்திருக்கவில்லை. ஊதியமில்லாத தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை மயிலை, இணைமதி எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள். பிறகு திஸ்கிக்கு மாற்றினார்கள், அதற்கும் பிறகு யூனிகோடுக்கு. திஸ்கிப் படியையும் யூனிகோடுப் படியையும் நெடுநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள், உத்திரமேரூர்ச் சுவர் மாதிரி.

எங்களுக்கு அந்தப் புத்தி வரவில்லை. எங்கள் சிற்றிதழின் மூன்று இதழ்கள் 1990-களில் தட்டச்சான கோப்புகளாக மட்டுமே கிடைத்தன. எந்த எழுத்துரு என்று யாருக்கும் தெரியவில்லை. அடித்துக் கொடுத்த டி.டி.பி. கடை எப்போதோ மூடிவிட்டது. நடுவில் யாரோ திறந்து வேறு வடிவில் சேமித்ததில் பாதி எழுத்து கேள்விக்குறியாகிவிட்டது. வட்டு கெடவில்லை, கோப்பு தொலையவில்லை. படிக்கத் தெரிந்த ஆள் போய்விட்டார், அவ்வளவுதான்.

5

'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்பதில் ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்கிறது. பழையதை மதிக்கிற மனம் அதில் இருக்கிறது. ஆனால் ஓட்டுவது யார்?

பட்டுத்தறியைப் பாருங்கள். ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் காஞ்சித் தறியில் 'அடை' இருந்தது. எந்த இழை எப்போது எழும்ப வேண்டும் என்கிற டிசைன் நூற்கட்டாகவே தறிமேல் தொங்கும். 1804 வாக்கில் பிரான்சில் உருவான ஜக்கார்டு அதே ஞாபகத்தை ஓட்டை போட்ட அட்டைக்கு மாற்றியது. அடை போனதைப் பற்றி நான் ஏக்கத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளையார்பாளையத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார்: "டிசைனு நூல்லயே கட்டியிருக்கும், வாஸ்தவம். ஒருத்தர் நெய்யணும், பக்கத்துல ஒரு பையன் இழுத்துக்கினே இருக்கணும். அந்தப் பையன் நான்தான்."

அதற்குமேல் என் ஏக்கத்தை நான் நீட்டவில்லை. பட்டுத்தொழிலில் கொத்தடிமையாக இருந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. அட்டை வந்ததாலேயே அவர்கள் எல்லாரும் விடுபட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதேசமயம், அட்டைக்கு மாற்றப்படாத பழைய டிசைன்கள் சேலையில் மட்டுமே மிஞ்சின. ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா நெசவுக்கூடம் பழைய சேலைகளைப் பார்த்துத்தான் பழைய கரைகளை மீட்டது. தறியின் ஞாபகம் போனபின் துணியைப் பார்த்துத் திரும்பக் கட்டுவது சாத்தியம்தான், யாராவது துணியைப் பத்திரமாக வைத்திருந்தால்.

6

ஆக, தேதியைக் குறிப்பது புதியதன் வருகை அல்ல, விழாவும் அல்ல. பழையதைப் படிக்கத் தெரிந்தவர், அதை ஓட்டுகிற கை, இரண்டும் இன்னும் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். எங்கள் தம்பிக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வருஷம் அவர் இருக்கமாட்டார். எனவே இந்த வருஷமே மாற்றுகிறோம்.

முறையைக் கோயிலிலிருந்தே எடுத்துக்கொண்டோம். முதலில் படி: தரவுத்தளத்தை முழுசாக நகலெடுப்பது, ஒவ்வொரு பக்கத்தையும் எந்த அமைப்பும் இல்லாமல் திறக்கக்கூடிய வெறும் பக்கமாகத் தனியே சேமிப்பது. பிறகு பாலாலயம்: திருப்பணி நடக்கும்போது பூசை நிற்காமலிருக்க மூர்த்தியைச் சிறு சந்நிதிக்கு மாற்றுவதுபோல, புதுத் தளத்தை வேறிடத்தில் கட்டிச் சோதிக்கும்வரை வாசகருக்கு அந்த வெறும் பக்கங்கள். கடைசியாக, ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் எதிலிருந்து, எந்த நாளில் எடுத்த படி என்ற குறிப்பு. கேள்விக்குறிகளாகிப்போன அந்த மூன்று இதழ்களையும் அப்படியே ஏற்றுகிறோம். அச்சுப் பிரதி வைத்திருக்கும் யாராவது பார்க்கக்கூடும்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அடை இழுத்த பையனைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாங்கள், இத்தனை வருஷம் தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த தம்பிக்கு ஒரு ரூபாய்கூடக் கூலி கொடுத்ததில்லை. மாற்றுகிற செலவுக் கணக்கில் இம்முறை அதுதான் முதல் வரி.