அருணையில் ஒரு சங்கீதம்

மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளிப் படிப்பைத் துறந்து 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமன், பிற்காலத்தில் ரமண மகரிஷியாய் விளங்கி, தம்மை நாடி வந்தோருக்கு உபதேசிக்கையில் விவிலியத்தின் 46-ஆம் சங்கீதத்தையும் எடுத்துக்காட்டினார் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். மலைகள் நிலைபெயர்ந்து கடலில் சாயினும், ராஜ்யங்கள் தத்தளிப்பினும், சித்தம் கலங்காது அடங்கியிருந்து இறைவனை அறியச் சொல்லும் அச்சங்கீதம், சும்மா இருத்தலையே சாதனமாகக் கொண்ட அருணாசல மலையடிவாரத்துக்கு அந்நியமானதன்று.

1949 ஜனவரியில் பாதிரியார் மோன்ஷானினுடன் வந்து மகரிஷியைத் தரிசித்த பிரெஞ்சு பெனடிக்டைன் துறவி ஆன்றி லெ சோ, மறு ஆண்டு குளித்தலையருகே காவிரிக்கரையில் மோன்ஷானினுடன் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவி, அபிஷிக்தானந்தர் என்னும் நாமம் பூண்டு, 1952 முதல் அருணாசலக் குகைகளில் அவ்வப்போது மௌனவாசம் புரிந்தார். சென்றவுடன் அவருக்குச் சாந்தி கிட்டிற்று என்று எழுதினால் அது பக்திக் கதையாகுமேயன்றிச் சரித்திரமாகாது. கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் அத்வைத அனுபவத்துக்கும் இடையே அவர் நெடுங்காலம் பட்ட வேதனைக்கு அவருடைய நாட்குறிப்பே சாட்சி. ஆயினும் திருச்சபையை அவர் துறந்தாரில்லை. 1973 டிசம்பரில் இந்தூரில் காலமாகும்வரை கத்தோலிக்கக் குருவாகவே வாழ்ந்தார்.