உதட்டு அக்கி

உதட்டுத் தோலும் சிவந்த பகுதியும் சேரும் ஓரத்தில் கொத்தாகக் கிளம்பும் சிறு நீர்க்கொப்புளங்கள் உதட்டு அக்கி எனப்படும். காய்ச்சலை ஒட்டி வருவதால் காய்ச்சல் கொப்புளம் என்றும் சொல்வர். உடல் சூடு, ஏதோ பூச்சி எச்சம் பட்டது என்றெல்லாம் நம் வீடுகளில் காரணம் சொல்வதுண்டு. உண்மையில் இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் முதல் வகையால் வருவது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரின் (64 விழுக்காடு) உடலில் இந்த வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலோர் சிறுவயதிலேயே வீட்டுப் பெரியவர்களின் எச்சில் வழியாக இதைப் பெறுகிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது.

வைரஸ் மிகப் பழையது. பழங்கால எலும்புக்கூடுகளின் பற்களிலிருந்து நான்கு பேருக்கு இருந்த வைரஸின் மரபணுத் தொகுதியை மீட்ட ஆய்வு 2022இல் வெளியானது. அவர்களில் காலத்தால் முந்தியவர் ரஷ்யாவின் ஊரல் மலைப் பகுதியில் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். இன்றைய வகைகள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் கால இடப்பெயர்வுகளோடு பரவின என்றும், முத்தமிடும் வழக்கம் அதற்குத் துணைபோயிருக்கலாம் என்றும் அந்த ஆய்வாளர்கள் கருதினர். மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளைப் படித்த வேறு இருவர் மறு ஆண்டே இதை மறுத்தனர். 4,500 ஆண்டுகளுக்கு முன்பே முத்தம் பல நிலங்களில் இருந்த வழக்கம், அதன் தலையில் மட்டும் பழியைப் போட முடியாது என்பது அவர்கள் வாதம்.

ரோமப் பேரரசர் திபேரியஸ் உதட்டு அக்கிக்குப் பயந்து முத்தத்தைத் தடைசெய்தார் என்ற கதை பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. அன்றாட முத்தத்தை அவர் ஆணையிட்டுத் தடுத்ததை எழுதிய ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் நோய் எதையும் குறிப்பிடவில்லை. திபேரியஸ் காலத்தில் மேட்டுக்குடியினரிடையே முத்தத்தால் பரவிய நோயைப் பற்றி எழுதியவர் இன்னொரு ரோம எழுத்தாளரான பிளினி. அவர் சொல்வது மோவாயில் தொடங்கி முகமெங்கும் படரும் செதில் நோய். இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் பின்னால் வந்தவர்கள்.

லண்டன் மருத்துவர் தாமஸ் பேட்மேன் 1814இல் தோல் நோய்களை வகைப்படுத்தியபோது உதட்டு அக்கிக்குத் தெளிவான வரையறை கிடைத்தது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பதை 1873இல் பிரான்சின் எமில் விதால் காட்டினார். 1919இல் லோவென்ஸ்டைன் கொப்புள நீரை முயலின் கருவிழியில் இட்டுப் புண் உண்டாக்கிக் காட்டியபின் தொற்றுக் கிருமி பற்றிய சந்தேகம் தீர்ந்தது.

தீராத புதிர் வேறொன்று இருந்தது. அடிக்கடி கொப்புளம் வருபவர்களின் இரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிரான எதிர்பொருள் நிறையவே இருப்பது 1930இல் தெரிந்தது. அப்படியானால் புண் ஏன் திரும்பத் திரும்ப, அதுவும் அதே இடத்தில், வருகிறது? தடயம் அறுவை மருத்துவர்களிடம் இருந்தது. தாங்க முடியாத முகநரம்பு வலிக்காக முக்கிளை நரம்பை வெட்டியபின் சில நோயாளிகளின் முகத்தில் அக்கி கிளம்புவதை ஹார்வி குஷிங் 1905இலேயே பதிவு செய்திருந்தார். மண்டையோட்டின் அடியில் இருக்கும் அந்த நரம்பின் முடிச்சில்தான் வைரஸ் தங்குகிறது என்று 1929இல் எர்னஸ்ட் குட்பாஸ்சர் ஊகித்தார். 1971இல் எலிகளின் நரம்பு முடிச்சுகளிலும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இறந்த மனிதர்களின் முக்கிளை நரம்பு முடிச்சுகளிலும் வைரஸைக் கண்டெடுத்தபின் ஊகம் உறுதியாயிற்று. காய்ச்சல், கடும் வெயில், மன உளைச்சல், மாதவிடாய் போன்றவை தூண்டும்போது அது நரம்பு வழியே இறங்கி உதட்டுக்கு வருகிறது.

இந்தப் புண் ஏழு முதல் பத்து நாட்களில் தானாகவே ஆறிவிடும். அதனால் எதைத் தடவினாலும் அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டவர்களும் (அது பெரும்பாலும் சின்னம்மை வைரஸால் உடலில் வரும் வேறு அக்கிக்கு), மேலை நாடுகளில் பெரியம்மைத் தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டவர்களும் குணமானதாகவே நம்பினார்கள். 1970களில் கொப்புளத்தில் சாயம் பூசி ஒளி பாய்ச்சினார்கள். முறையாகச் சோதித்தபோது பயனில்லை என்று தெரிந்து கைவிட்டார்கள்.

வில்லியம் புரூசாஃப் 1959இல் உருவாக்கிய இடாக்ஸியூரிடின் கண்ணில் வந்த ஹெர்பிஸுக்கு உதவியது. உட்கொள்ள முடியாத அளவு நச்சு அதில் இருந்தது. திருப்புமுனை 1977இல் ஆய்வு வெளியான அசைக்ளோவிர். இது உடலில் சும்மா கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லுக்குள் போனதும் வைரஸின் சொந்த நொதியே இதைத் தூண்டிவிடும், தூண்டப்பட்ட மருந்து வைரஸின் டிஎன்ஏ நீள்வதை நிறுத்தும். நல்ல செல்களுக்குப் பாதிப்பு குறைவு. இதில் பெரும்பங்காற்றிய ஜெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

களிம்பைவிட மாத்திரை மேல். களிம்பு ஒரு நாளுக்கும் குறைவாகவே நோயைக் குறுக்கும். அசைக்ளோவிரின் வழிவந்த வாலாசைக்ளோவிரை 12 மணி நேர இடைவெளியில் 2 கிராம் வீதம் இரு முறை, ஒரே நாளில் முடிக்கும் முறை 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது ஏறக்குறைய ஒரு நாளை மிச்சப்படுத்தும். கொப்புளம் எழுமுன் உதட்டில் குறுகுறுப்பும் எரிச்சலும் தோன்றும் வேளையில் தொடங்கினால்தான் இந்தப் பலன். பொருக்கு கட்டியபின் விழுங்குவது வீண். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸை எந்த மருந்தும் எட்டுவதில்லை. தடுப்பூசியும் இல்லை. எலிகளில் மரபணுத் திருத்தத்தால் உறங்கும் வைரஸில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழித்ததாக 2020இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதருக்கு அது இன்னும் சிகிச்சையாகவில்லை.

வெயிலால் கொப்புளம் வருபவர்கள் உதட்டுக்குச் சன்ஸ்கிரீன் பூசலாம். புண் இருக்கும்போது டம்ளர், துண்டு, உதட்டுச்சாயம் ஆகியவற்றைப் பகிரக் கூடாது. தொட்டால் கை கழுவ வேண்டும், கண்ணைத் தொடவே கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் புண்ணைப் பரப்பும். கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் உயிர்க்கொல்லி. உதட்டில் கொப்புளம் உள்ளவர்கள், தாத்தா பாட்டியே ஆனாலும், அது முழுதாக ஆறும்வரை குழந்தையை முத்தமிடாதீர்கள்.