மூலப் பாடமும் மாற்றுச் சுருளும்

1

மின்சாரக் கிதாரில் கலைஞன் மீட்டுவது கம்பியை. ஆனால் ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேருவது, கம்பி எப்படி அசைந்தது என்று இன்னொன்று சொல்லும் சேதிதான். கம்பிக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகத் தாமிரக் கம்பிச் சுருள். இதற்குப் பிக்கப் என்று பெயர். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. மாறும் புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. 1831-ல் ஃபாரடே கண்ட விதிக்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை.

ஆனால் சேதி சொல்பவனின் குணம் சேதியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்காது. எத்தனை சுற்று, எந்தக் காந்தம், கம்பிக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி - இவை மாறினால் அதே மரம், அதே விரல், குரல் மட்டும் வேறு. நாயனத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படி. ஒரு வித்தியாசம் உண்டு. சீவாளி நைந்து போகிறது, அதனால் மாற்றுகிறார்கள். பிக்கப் லேசில் கெடுவதில்லை. ஒழுங்காக வேலை செய்கிற ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காசு கொடுத்து வாங்கிய வேறொன்றை அந்த இடத்தில் பொருத்துவது என்பது கடந்த ஐம்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு வழக்கமாக, பெரிய வியாபாரமாக ஆகியிருக்கிறது. ஏன் என்ற கேள்விக்கு ஒலியியல் பாதிப் பதிலைத்தான் தரும். மீதிப் பாதி சரித்திரத்தில் இருக்கிறது.

2

முதலில் யாரும் அழகான தொனியைத் தேடவில்லை. காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் பிரச்னை. ஊதுகருவிகள் நிறைந்த நடன மேளங்களில் கிதாரின் சப்தம் அமுங்கிப்போயிற்று. 1931-ல் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் பீச்சம் இரண்டு குதிரைலாடக் காந்தங்களையும் ஒரு சுருளையும் வைத்து, மடியில் போட்டு வாசிக்கும் ஹவாய் வகைக் கிதார் ஒன்றுக்குப் பிக்கப் செய்தார். அடுத்த வருஷம் அது ரிக்கன்பேக்கரின் தயாரிப்பாகக் கடைக்கு வந்தது. அதன் வடிவத்தைப் பார்த்து ஜனங்கள் அதை வாணலி என்று அழைத்தார்கள். பேடண்ட் 1937-ல்தான் கிடைத்தது. இடையில், 1936-ல், கிப்ஸன் கம்பெனி இ.எஸ்.-150 என்ற கிதாரை வெளியிட்டது. 1939-ல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அதை வைத்துக்கொண்டு, ஸாக்ஸஃபோனைப் போல நீண்ட தனி வரிகளைக் கிதாரில் வாசிக்க முடியும் என்று காட்டினார். அந்த வகைப் பிக்கப்புக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு தொல்லை உண்டு. கம்பியின் அசைவை வாங்கிக்கொள்வதுபோலவே சுவரில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலையும் - அமெரிக்காவில் வினாடிக்கு 60 சுழற்சி - அது வாங்கிக்கொள்ளும். மிச்சிகன் மாநிலம் கலமஸூவில் கிப்ஸன் தொழிற்சாலையிலிருந்த ஸெத் லவர் என்ற ரேடியோ பொறியாளர் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களைப் பக்கம் பக்கமாக வைப்பது. ஒன்றின் சுற்றுத் திசையையும் காந்தத் துருவத்தையும் மற்றதற்கு எதிராக அமைப்பது. கம்பியின் சேதி இரண்டிலும் சேர்ந்து கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகிறது. 1955-ல் பேடண்டுக்கு மனுச் செய்தார்கள். 1957-ல் கிதார்களில் பொருத்தினார்கள். 1959-ல் பேடண்ட் கிடைத்தது. இதுதான் ஹம்பக்கர். இரண்டு சுருள்களும் கம்பியை வேறு வேறு இடத்தில் கேட்பதால் கூர்மையான உச்ச ஒலிகள் கொஞ்சம் மழுங்கி, குரல் தடித்து வருகிறது. பிற்காலம் கொண்டாடிய அந்தக் கனத்த குரல், இரைச்சலை ஒழிக்கப் போனவருக்கு உபரியாகக் கிடைத்தது.

'பேடண்ட் கோரப்பட்டுள்ளது' என்ற சின்னச் சீட்டு அடியில் ஒட்டியிருந்ததால் அக்காலத்துப் பிக்கப்புகளை அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் பி.ஏ.எஃப். என்கிறார்கள். பேடண்ட் கிடைத்த பிறகும் சில வருஷங்கள் அதே சீட்டுத்தான். அப்புறம் எண் அச்சிட்ட சீட்டு வந்தது - அந்த எண்ணோ லெஸ் பாலின் வேறொரு பேடண்டுடையது, கம்பி கட்டும் வால்பகுதி சம்பந்தப்பட்டது. நகல் செய்பவர்களைத் திசைதிருப்பவே இப்படி என்று ஊகிப்பவர்கள் உண்டு. காரணம் எதுவானாலும், வழிபாட்டுக்குரியதாகிவிட்ட ஒரு பொருளின் நெற்றியில் தவறான எண் எழுதியிருக்கிறது என்பது கவனிக்கத் தக்கது.

3

அந்தத் தொழிற்சாலைக்குள் நடந்ததைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஒரு சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று என்பது உத்தேசம். சுற்றும் யந்திரங்கள் குறித்த எண்ணிக்கையில் தாமாக நிற்பவை அல்ல. சுருள் நிறைந்தது என்று தொழிலாளிக்குப் பட்டதும் நின்றது. காந்தம் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ. அதில் எந்தத் தரம் கையிருப்பில் இருந்ததோ அது போயிற்று. ஒரே பிக்கப்பின் இரண்டு சுருள்கள்கூடச் சமமாக இல்லை. அளந்து பார்த்தால் ஏழாயிரம் ஓமிலிருந்து ஒன்பதாயிரம் ஓம் வரை எதுவும் வரும். கறுப்புப் பிளாஸ்டிக் தீர்ந்தபோது வெளிர்மஞ்சள் பிளாஸ்டிக்கில் சுற்றினார்கள். உலோக மூடிக்குள் எப்படியும் தெரியப் போவதில்லை.

இவை பொருத்திய லெஸ் பால் கிதார்களை 1957 முதல் 1960 வரை செய்தார்கள். விற்கவில்லை. வடிவத்தையே கைவிட்டார்கள். 1966-ல் லண்டனில் எரிக் கிளாப்டன், ஜான் மேயலின் குழுவோடு பதிவுசெய்த இசைத்தட்டில் இப்படியொரு பழைய கிதாரை மார்ஷல் பெருக்கியில் இணைத்து, அது திணறும் அளவுக்குச் சப்தத்தை ஏற்றி வாசித்தார். அதன் பிறகுதான் கைவிடப்பட்டது பொக்கிஷம் ஆயிற்று. 1968-ல் கிப்ஸன் அந்த வடிவத்தைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தது.

இதற்குள் கம்பெனிகள் கைமாறத் தொடங்கிவிட்டன. 1965-ல் ஸி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. 1969-ல் கிப்ஸனின் தாய் நிறுவனமும் கைமாறியது. எண்ணிக்கை பெருகிற்று, புதுக் கிதாரில் பழைய குரல் இல்லை என்று வாசிப்பவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் நிஜம், கொஞ்சம் ஏக்கம். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவர்களாலும் முடிந்திராது.

1972-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் லாரி டிமார்ஸியோ 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்ற பிக்கப்பைச் செய்தார். பழைய குரலை மீட்பது அவர் நோக்கமல்ல. பீங்கான் வகைக் காந்தம், கூடுதல் சுற்று. பெருக்கியை எளிதில் திணற அடிக்கும் மூர்க்கமான சமிக்ஞை. தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் பிக்கப் என்ற பண்டம் சந்தையில் நிலைத்தது இதனால்தான். மறுபுறம் ஸீமோர் டங்கன், இளமையில் கிராமஃபோன் தட்டைச் சுழலவைத்து அறுந்த சுருளைச் சுற்றக் கற்றவர். 1970-களின் முற்பகுதியில் இங்கிலாந்தில் இருந்தபோது ஃபெண்டர் டெலிகாஸ்டர் ஒன்றில் பழைய கிப்ஸன் ஹம்பக்கர்களைப் பழுதுபார்த்துப் பொருத்தி ஜெஃப் பெக்கிடம் கொடுத்தார். 1976-ல் கலிஃபோர்னியாவில் சொந்தத் தொழில் தொடங்கினார். எட்வர்ட் வான் ஹேலன் இன்னும் ஒரு படி போனார். கழிவு விலையில் கிடைத்த உடல், தனியே வாங்கிய கழுத்து, வேறொரு கிதாரிலிருந்து பிடுங்கிய பி.ஏ.எஃப். வீறிடாமல் இருக்கச் சுருளை உருகிய மெழுகில் முக்கி எடுத்தார். 1978-ல் வந்த முதல் இசைத்தட்டில் உலகம் கேட்டது இந்த ஒட்டுவேலையைத்தான்.

மாற்றுச் சுருளின் தொடக்கத்தில் இப்படி ஒரு மறுப்பு இருக்கிறது. கம்பெனி கொடுத்த குரலோடு பேச மாட்டேன் என்று திருப்புளியைக் கையில் எடுத்தவனின் மறுப்பு.

4

மறுப்பு எப்படி மரபாகிறது என்பதுதான் பின்கதை. சில வருஷங்களிலேயே புதிய கிதார்க் கம்பெனிகள் டிமார்ஸியோவையும் டங்கனையும் தாமே பொருத்தி விற்றன. பெயரைச் சொல்லி விற்றன. மூடியைக் கழற்றியபோது வெளிப்பட்ட வெளிர்மஞ்சள் சுருள்கள் - கறுப்புப் பிளாஸ்டிக் இல்லாத நாளில் நேர்ந்தது - டிமார்ஸியோவின் பதிவுபெற்ற வணிக அடையாளம் ஆயிற்று. கிப்ஸன், தன் தொழிற்சாலையில் ஒருகாலத்தில் தற்செயலாக நேர்ந்த சமமின்மையை, 'பர்ஸ்ட்பக்கர்' என்ற பிக்கப்பில் இப்போது கணக்குப் போட்டுச் செய்கிறது. கவனக்குறைவைக் கவனமாக உற்பத்தி செய்கிறார்கள். சிரிப்பதற்கில்லை, நமது இலக்கியத்தில் பேச்சு வழக்கின் பிசிறுகளைத் திட்டமிட்டு எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

லவருக்கு இந்தப் பக்தி இருந்ததாகத் தெரியவில்லை. 1967-ல் அவர் ஃபெண்டருக்குப் போனார். அங்கே இன்னொரு ஹம்பக்கர் கேட்டபோது தன்னையே நகல் எடுக்காமல், தாமிரம், நிக்கல், இரும்பு கலந்த காந்தத் திருகுகளைக் கொண்டு வேறு குரலுள்ள ஒன்றைச் செய்தார். 1990-களில் டங்கன் அவரோடு சேர்ந்து பழைய ஹம்பக்கரை மீண்டும் செய்து அவர் பெயரையே வைத்தார். மூல ஆசிரியர் தன் நூலின் பழம்பதிப்புக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டது போல.

ஃபெண்டரில் 1956-ல் வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற பெண்மணி 2013-ல்தான் ஓய்வு பெற்றார். சுருள் சுற்றுவதில் பெயர் பெற்றவர். கையால் வழிநடத்திச் சுற்றும்போது கம்பி சீராகப் படியாமல் சிதறிப் படியும். அதில்தான் உயிர் இருக்கிறது என்கிறார்கள். பிற்காலத்தில் அவருடைய முதலெழுத்துக்கள் பொறித்த பிக்கப்புகளுக்குத் தனி மவுசு. பொறியாளரின் பெயர் பேடண்டில் உண்டு. வாசித்தவரின் பெயர் தட்டின் உறையில் உண்டு. குரலைச் சுற்றிய கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. 'மூலம்' என்று ஏங்கப்படுவது அந்தப் பெயரற்ற கைகளின் ஒரு நாளைய அசைவைத்தான்.

5

இந்தச் சரித்திரம் தெரிந்தவன் பிக்கப்பை எப்படித் தேர்வான்?

முதலில், விளம்பரத்திலுள்ள ஓம் எண்ணைப் பார்த்து மயங்கமாட்டான். அது சுருளின் மின்தடை மட்டும். மெல்லிய கம்பியில் குறைந்த சுற்றுக்கும் அந்த எண் உயரும். சுற்று அதிகமானால் சப்தம் கூடும். ஆனால் ஒத்ததிர்வு முனை கீழே இறங்கி உச்ச ஒலிகள் குறையும். ஒன்றைக் கூட்ட இன்னொன்றை இழக்க வேண்டும். வலுவான காந்தம் எஃகுக் கம்பியை இழுத்துப் பிடித்து அதன் அதிர்வையே கெடுக்கக்கூடும். அதனால் காசு செலவழிக்குமுன், இருக்கிற பிக்கப்பின் திருகைத் திருப்பி ஒரு மில்லிமீட்டர் இறக்கிக் கேட்கலாம். 250 ஆயிரம் ஓம் மட்டுப்படுத்திக்கு 500 ஆயிரம் ஓம் போட்டால் அடைபட்ட குரல் கொஞ்சம் திறக்கும். பெருக்கியும் அதன் ஒலிகூம்பும் சொல்லுக்குச் சொல் திருத்தம் செய்யும் பதிப்பாசிரியர்கள். அவற்றை மறந்துவிட்டுச் சுருளை மட்டும் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

இரண்டாவது, மூலத்தைத் தேடமாட்டான். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், பாடபேதங்களுக்குப் பின்னால் புலவன் பாடிய ஒரு பாடம் இருந்தது என்று நம்பலாம். நம்ப அவருக்கு நியாயம் உண்டு. பி.ஏ.எஃப். விஷயத்தில் அப்படி ஒரு மூலப் பாடம் என்றுமே இருந்ததில்லை. இருந்தவை எல்லாம் பேதங்கள். ஒவ்வொன்றும் ஒரு பாடம். 1959-ஆம் வருஷத்தின் குரல் என்று விற்கப்படுவது, பலவற்றுள் எவனோ ஒருவனுக்குப் பிடித்த ஒன்று. அதைப் பிடித்திருக்கிறது என்று வாங்கலாம். உண்மையானது என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

இங்கிருந்து பார்க்கும்போது தேர்வு என்பது ரசனைப் பிரச்னை மட்டும் அல்ல. என்ன வாசிக்கப் போகிறோம், எதோடு சேர்ந்து வாசிக்கப் போகிறோம், இப்போதைய குரலில் எது குறைகிறது என்று வாசிப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிய வேண்டும். கிளாப்டனுக்கும் பெக்குக்கும் வான் ஹேலனுக்கும் கிடைத்தவை பழைய சாமான்கள், உடைந்த சாமான்கள். கையில் அகப்பட்டதை வைத்து, காதில் முன்பே கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை அவர்கள் துரத்தினார்கள். அந்தச் சாமான்களைப் படி எடுத்து விற்கத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. கடையில் விலை எழுதி வைத்திருக்கிறார்கள். முன்பே கேட்டிருக்க வேண்டியது எது என்று சொல்லித்தர அங்கே யாரும் இல்லை.