ஹவானாச் சுருட்டு: சுவை, உழைப்பு, பெயர்

சுருட்டு வகையொன்றைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் ‘செரூட்’ என்னும் சொல், தமிழிலுள்ள ‘சுருட்டு’ என்பதன் திரிபேயாகும். தமிழ்நாட்டுத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் நன்கு அறியப்பட்டிருந்தது. 1887இல் வெளிவந்த முதலாவது ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே அதன் சாம்பல் ஒரு தடயமாக இடம்பெறுகின்றது. ஆயினும் உலகச் சந்தையில் ‘உயர்தரச் சுருட்டு’ என்றவுடன் நினைக்கப்படுவது திருச்சிராப்பள்ளியுமன்று, யாழ்ப்பாணமுமன்று. கியூபாவின் தலைநகரான ஹவானாவே. ஓர் ஊரின் பெயர் ஒரு பொருளின் தரத்துக்கே மறுபெயராக மாறியமை எவ்வாறு என்பது வரலாற்று மாணவர் வினவவேண்டிய வினாவாகும்.

சுருட்டு இரசிகர்கள் தம்முள் உரையாடும்போது ஒப்பீடே அவர்களது முதன்மையான பொழுதுபோக்காக அமைகின்றது. பர்தாகாஸ், பொலிவார் ஆகியன காரமானவை. ஒயோ தெ மொந்தெர்ரேய் மென்மையானது. மொந்தேகிறிஸ்தோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்பன போன்ற மதிப்பீடுகள் அவர்களிடையே வழங்குகின்றன. கியூபா இலையா, டொமினிக்கன் குடியரசின் இலையா, நிக்கரகுவாவின் இலையா சிறந்தது என்னும் வாதம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓயாது நடைபெறுகின்றது. இக்கட்டுரை அவ்வாதத்தில் தீர்ப்புக்கூற எழுந்ததன்று. புகைத்தலின் தீங்கு மருத்துவ ஆய்வுகளால் ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளது. சுருட்டும் அதற்கு விலக்கன்று. ‘சுவை’ எனப் பேசப்படுவதனுள் மறைந்திருக்கும் சமூக வரலாற்றை வெளிக்கொணர்தலே இங்கு நோக்கமாகும்.

மண்ணும் இலையும்

கொலம்பஸின் ஆட்கள் 1492 நவம்பரில் கியூபாவின் உட்பகுதிக்குச் சென்றபோது, தாயினோ மக்கள் சுருட்டிய இலையைக் கொளுத்திப் புகையை உள்ளிழுப்பதைக் கண்டனர். ஐரோப்பியர் புகையிலையை அறிந்த தொடக்கநிலைச் சந்திப்புகளுள் இது ஒன்றாகும். அவ்விலைக்குரிய மிகச் சிறந்த நிலமாகப் பின்னர் அறியப்பட்டது, தீவின் மேற்கிலுள்ள பினார் தெல் றியோ மாகாணத்தின் வுவெல்தா அபாகோ என்னும் பகுதியாகும். சன் லூயிஸ், சன் ஹுவான் இ மர்த்தீனெஸ் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த செம்மணல் நிலங்களே ஹவானாவின் புகழுக்கு அடித்தளமாயின.

ஒரு சுருட்டு மூன்று பகுதிகளால் ஆனது. உள்ளே இடப்படும் இலைகள், அவற்றைப் பிடித்திருக்கும் கட்டிலை, வெளியே தோன்றும் மேலிலை என்பனவே அவை. மேலிலைக்குரிய செடிகள் மெல்லிய துணிப் பந்தலின் கீழ் வளர்க்கப்படுகின்றன. வெயில் நேரே படாமையால் இலை மெலிந்தும் வழவழப்பாயும் அமைகின்றது. உள்ளிலைகள் செடியில் அவை இருக்கும் இடத்தைப் பொறுத்து வேறுபடும். அடியிலுள்ளது எளிதில் எரிவதற்கும், நடுவிலுள்ளது மணத்துக்கும், உச்சியிலுள்ளது காரத்துக்கும் உதவுகின்றன. இம்மூன்றின் விகிதமே ஒரு பெயருடைய சுருட்டை மற்றொன்றினின்றும் வேறுபடுத்துகின்றது. கொய்த இலை உலர்த்தப்பட்டு, அடுக்கிப் புளிக்கவைக்கப்பட்டு, மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பின்னரே சுற்றுவோரின் மேசைக்கு வருகின்றது. பிறைவடிவக் கத்தியொன்றும், மரப்பலகையும், சிறிது பசையும், பழகிய விரல்களுமே அங்குள்ள கருவிகளாம்.

கியூபா அறிஞர் பெர்னாந்தோ ஒர்த்திஸ் 1940இல் வெளியிட்ட நூலில் கரும்பையும் புகையிலையையும் எதிரெதிரே நிறுத்தித் தம் நாட்டின் வரலாற்றை விளக்கினார். கரும்பு பெருந்தோட்டத்தையும் இயந்திரத்தையும் அடிமைப் பட்டாளத்தையும் வேண்டியது. புகையிலையோ சிறுநிலத்தையும் செடிதோறும் செலுத்தும் கவனத்தையும் வேண்டியது. இவ்வேறுபாட்டை மிகைப்படுத்தலாகாது. புகையிலைத் தொழிலிலும் அடிமைகள் இருந்தனர். 1847 முதல் சீனாவிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் கொண்டுவரப்பட்டோரும் இருந்தனர். மலையகத்தின் வரலாற்றை அறிந்த நமக்கு இவ்வொப்பந்தமுறை புதியதன்று. கியூபாவில் அடிமைமுறை 1886இலேயே முற்றாக ஒழிந்தது.

முற்றுரிமையும் முத்திரையும்

ஸ்பானிய முடி 1717இல் கியூபாப் புகையிலையைத் தன் முற்றுரிமையாக்கியது. விளைச்சலை அரசுக்கே, அரசு குறித்த விலைக்கே விற்கவேண்டுமென விதிக்கப்பட்டது. புகையிலைச் செய்கையாளர் 1717, 1720, 1723 ஆகிய ஆண்டுகளில் கிளர்ந்தெழுந்தனர். முதற் கிளர்ச்சியில் ஆளுநர் தீவைவிட்டே வெளியேற நேர்ந்தது. மூன்றாவதில் செய்கையாளர் பலர் தூக்கிலிடப்பட்டனர். குடியேற்ற ஆட்சிக்கு எதிராக அத்தீவில் எழுந்த தொடக்ககால எதிர்ப்புகளுள் இவை குறிப்பிடத்தக்கன. ஹவானாவின் இலை நெடுங்காலம் செவில் நகரத்து அரச தொழிற்சாலைக்கே சென்றது.

1817இல் முற்றுரிமை நீக்கப்பட்டதன் பின்னரே ஹவானாவில் தொழிற்சாலைகள் பெருகின. இன்று இரசிகர் நாவில் வழங்கும் பெயர்களுட் பல அப்பொழுது தோன்றியவை. போர் லர்ரஞாகா 1834இலும், எச். உப்மன் 1844இலும், பர்தாகாஸ் 1845இலும், றோமியோ இ ஹூலியெத்தா 1875இலும் தொடங்கின. பொன்னிற அச்சுப்படங்கள் பதித்த பெட்டியும், சுருட்டின் இடையிற் சுற்றிய கடதாசி வளையமும் இக்காலத்திலேயே பரவின. போலிகள் மலிந்தமையால், 1912இல் கியூபாக் குடியரசு பெட்டிகளுக்கு அரச உறுதிமுத்திரையைச் சட்டமாக்கியது. இலையைப் போலவே பெயரும் ஒரு சொத்தாக மாறியதற்கு இது தக்க சான்றாகும்.

வாசிக்கும் குரல்

பெட்டியின் மேலே முதலாளியின் பெயர் இருக்கும். சுற்றியவரின் பெயர் இராது. ஆயினும் அவ்விடத்திலிருந்தே கியூபாவின் அரசியல் விழிப்பின் ஒரு பெருங்கிளை தோன்றியது. 1865 திசெம்பரில் ஹவானாவின் ‘எல் பீகரோ’ தொழிற்சாலையில் ஒரு புதுவழக்கம் தொடங்கியது. கைகள் இலையைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளையும் நூலையும் உரத்து வாசித்தார். அவருக்குரிய கூலியைத் தொழிலாளரே தம்முள் சேர்த்துக் கொடுத்தனர்; எதனை வாசிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தனர். எழுத்தறியாதாரும் விக்டர் ஹியூகோவையும் செர்வாந்தஸையும் கேட்டறிந்தனர். இதன் ஆபத்தை ஆட்சியாளர் விரைவில் உணர்ந்தனர். 1866இலேயே வாசிப்புத் தடைசெய்யப்பட்டது. தடை நிலைக்கவில்லை. பீடி சுற்றுவோர் கூடத்தில் பத்திரிகை வாசிக்கும் வழக்கம் கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியிலும் இருந்தது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கை ஓயாது இயங்க, செவி ஓய்ந்திருக்கும் தொழில்களில் இத்தகைய கல்விக்கு இடமிருந்தது போலும்.

கியூபாவின் விடுதலைப் போர்க் காலத்தில் புளொறிடாவுக்குச் சென்ற தொழிலாளர் வாசிப்பையும் உடன்கொண்டு சென்றனர். ஹொஸே மர்த்தி 1891 நவம்பரில் தாம்பாவின் சுருட்டுத் தொழிலாளரிடையே உரையாற்றினார். மறு ஆண்டு அவர் அமைத்த கியூபாப் புரட்சிக் கட்சிக்கு அத்தொழிலாளர் தம் கூலியிலிருந்து பங்களித்தனர். 1895இல் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில், இருபத்தொரு வயதை எட்டிக்கொண்டிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில், ஸ்பானியப் படையினருடன் பார்வையாளராகக் கியூபாவுக்குச் சென்றார். பின்னாளில் ஹவானாச் சுருட்டின் மிகப் புகழ்பெற்ற இரசிகராக விளங்கியவர் அவரே. நீண்ட சுருட்டின் ஓர் அளவுக்கு அவர் பெயரே வழங்குகின்றது. சுருட்டைச் சுற்றியவர்கள் எப்படையை ஒழிக்கப் பணம் சேர்த்தார்களோ, அப்படையோடு நின்று அந்நாட்டை முதலிற் கண்டவரின் பெயர் சுருட்டில் நிலைத்தது; பணம் சேர்த்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை. பெயர்களின் வரலாறு இத்தகையது.

தாம்பாவில் 1931இல் முதலாளிகள் வாசிப்பை ஒழித்தனர். அவ்விடத்தை வானொலி பிடித்தது. கியூபாவில் அது இன்றும் தொடர்கின்றது. 2012இல் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவிக்கப்பட்டது.

பெயர்கள் பிரிந்த கதை

1959ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து, 1960 செப்ரெம்பரில் சுருட்டுத் தொழிற்சாலைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. பழைய பெயர்களைக் கைவிட்டு ‘சிபொனே’ என்னும் ஒரே பெயரில் சுருட்டை விற்கும் முயற்சியொன்றும் நடைபெற்றது. வெளிநாட்டுச் சந்தை அதனை ஏற்காமையால் பழைய பெயர்களே மீண்டன. முதலாளியை அகற்றிய அரசாலும் முதலாளியின் பெயரை அகற்ற முடியவில்லை.

1962 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா முழு வர்த்தகத் தடையை விதித்தது. அதற்கு முந்திய மாலையில் ஜனாதிபதி கெனடி தமக்கு ஆயிரம் சுருட்டுகள் வேண்டுமெனப் பணித்ததையும், மறுநாட் காலை ஆயிரத்து இருநூறு வந்துசேர்ந்த செய்தியைக் கேட்டபின்னரே ஆணையிற் கையொப்பமிட்டதையும் அவரது பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பிற்காலத்தில் எழுதினார். நகைப்புக்குரியதாயினும் இச்செய்தி ஒன்றை உணர்த்துகின்றது: தடை யாரைத் தாக்கும், யாரைத் தாக்காது என்பது.

நாடு நீங்கிய முதலாளிகள் விதையையும் அனுபவத்தையும் பெயருரிமை பற்றிய கோரிக்கையையும் எடுத்துச் சென்றனர். டொமினிக்கன் குடியரசிலும் ஹொண்டூராசிலும் நிக்கரகுவாவிலும் புதிய தொழில் எழுந்தது. இதன் விளைவாகப் பர்தாகாஸ் இரண்டாயிற்று, மொந்தேகிறிஸ்தோவும் இரண்டாயிற்று. ஹவானாவில் ஒன்றும், அமெரிக்கச் சந்தைக்கென டொமினிக்கன் குடியரசில் மற்றொன்றும் செய்யப்பட்டன. புரட்சிக்குப் பின் 1966இல் தோன்றிய கோஹிபாவுக்கும் இதே கதி நேர்ந்தது. தாயினோ மொழிச் சொல்லொன்றைப் பெயராகக் கொண்ட அது முதலில் அரசின் பரிசுப்பொருளாக விளங்கி, 1982 முதலே பொதுவில் விற்பனையாயிற்று. ஆனால் 1981இலேயே அமெரிக்க நிறுவனமொன்று அப்பெயரைத் தன் நாட்டிற் பதிவுசெய்துவிட்டது. 1997இல் தொடங்கிய வழக்கு நெடிது நீண்டு, 2022இல் அப்பதிவை நீக்குமாறு அமெரிக்க வணிகக்குறி மேன்முறையீட்டுச் சபை தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பும் நீதிமன்றில் எதிர்க்கப்பட்டது. பெயருக்குரிய தாயினோ மக்கள் எவ்வழக்கிலும் கட்சிக்காரர் அல்லர்.

ஒப்பீட்டின் பொருள்

மண், கை, பெயர் என்னும் மூன்றும் 1960 வரை ஓரிடத்தில் இணைந்திருந்தன. அதன்பின் மண் கியூபாவில் நின்றது. பெயர் இரண்டாகப் பிளந்தது. கையும் விதையும் கடல்கடந்தன. எது சிறந்தது என்னும் வாதம் கூர்மையடைந்ததும் இப்பிரிவுக்குப் பின்னரே. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய சுருட்டு இரசிகர் சஞ்சிகையொன்று, வளையத்தை அகற்றிச் சுவைத்து நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளியிடும் முறையைப் பரப்பியது. பெயர் மறைந்த நிலையில், கியூபாவுக்கு வெளியே செய்யப்பட்டவையும் உயர்ந்த புள்ளிகளைப் பெற்றன. மண்ணே அனைத்தும் என்னும் நம்பிக்கை இதனால் ஆட்டங்கண்டது. அம்மண்ணில் விளைவதும் என்றும் ஒன்றாக இருந்ததன்று. 1979-80இல் நீலப் பூஞ்சண நோய் கியூபாவின் விளைச்சலைப் பெரிதும் அழித்தது. நோயைத் தாங்கும் புதிய இனங்கள் 1990களில் பழைய கொரோகோ இனத்தின் இடத்தைப் பெற்றன. பாட்டன் புகைத்ததும் பேரன் புகைப்பதும் பெயரால் ஒன்று, விதையால் வேறு.

அங்ஙனமாயின் இரசிகரின் சுவையுணர்வு வெறும் மயக்கமோ எனின், அன்று. 1990களின் இறுதியில் கியூபா ஏற்றுமதியை விரைந்து பெருக்க முனைந்தபோது, புதிதாகப் பழகியோர் பலர் சுற்றுமேசைக்கு வந்தனர். இறுகச் சுற்றப்பட்டுப் புகை இழுபடாத சுருட்டுகள் மலிந்தன. உலகெங்குமுள்ள இரசிகர் முறையிட்டனர். தொழிற்சாலைகளில் இழுவையைச் சோதிக்கும் கருவிகள் புகுத்தப்பட்டன. ‘இச்சுருட்டு முன்போல் இல்லை’ என்று இரசிகர் கூறியபோது, அவர் அறியாமலே ஒரு தொழிலாளியின் பயிற்சிக் காலம் குறுக்கப்பட்டமைக்குச் சான்று கூறினார். அவர் நா உணர்ந்தது உண்மை. அதற்குரிய காரணத்தையே அவர் பெட்டியின் பெயரில் தேடினார்.

ஆகவே, நுகர்வோரின் ஒப்பீட்டை அற்பப் பேச்செனத் தள்ளுதல் வரலாற்று மாணவருக்கு ஏற்புடையதன்று; அவ்வொப்பீட்டின் சொற்களையே இறுதிச்சொல்லாகக் கொள்ளுதலும் ஏற்புடையதன்று. காரம், மென்மை, மணம் என அவர் கூறும் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நிலமும், ஒரு சட்டமும், ஒரு கூலியும், ஒரு கையும் உள்ளன. சுருட்டுக்கு மட்டுமன்றி, ‘சிலோன்’ என்னும் பெயர் தாங்கி உலகச் சந்தைக்குச் செல்லும் நமது தேயிலைக்கும் இது பொருந்தும். அதன் சுவையை உயரத்தாலும் பனியாலும் விளக்குவோர் பலர். கொழுந்து பறிக்கும் விரல்களால் விளக்குவோர் சிலரே. அச்சிலரின் தொகையைப் பெருக்குதல் பல்கலைக்கழகத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.