தஞ்சோங் கிளிங்: ஊரும் சொல்லும்

அண்மையில் மலாக்காவில் கூடிய ஒரு சபையில், கற்றறிந்த அன்பரொருவர், தஞ்சோங் கிளிங் என்னும் ஊர்ப்பெயரிலுள்ள 'கிளிங்' நம்மவர் கால்விலங்கின் ஓசையே என்று உரைக்க, இளைஞர் பலர் தலையசைத்து ஏற்றது கண்டு, நெஞ்சு பொறாமல் இதனை எழுதப் புகுந்தேன்.

விலங்கு பூண்ட இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் மலாக்காவுக்குக் கொணர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். அச்சொல்லோ, 11ஆம் நூற்றாண்டு ஜாவா வேந்தன் ஐர்லங்காவின் சாசனங்களில், சிங்களர், சம்பா நாட்டார், கெமேர் ஆகியோரோடு ஒருசேர நிற்கிறது. விலங்குக் கதை அவ்வளவே.

மலாக்கா சுல்தான் ஆட்சியில் அயல்நாட்டு வணிகரை விசாரிக்க நான்கு ஷாபந்தர் இருந்தனரென்றும், நம்மவராகிய கிளிங்கர் அவருள் ஒருவரின் பொறுப்பிலிருந்தனரென்றும் போர்த்துக்கேயரான தோமே பிரேசு எழுதினார். பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்; பதிற்றுப்பத்தில் கொடுமணத்தோடு வரும் பந்தரை இதனோடு இணைப்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயத் தளபதி அல்புகர்க்கு, கிளிங்கரை அடக்கியாளும் பெண்டாஹாரா பதவியைத் தமிழ் வணிகர் நைனா செட்டுவுக்கு அளித்தார். பெண்டாஹாரா வடமொழிப் பண்டாகாரத்தின் மலாய் வடிவம். நம் பண்டாரம் அதன் உடன்பிறப்பு. 1514இல் அப்பதவி சுமத்திராவின் கம்பார் மன்னர் அப்துல்லாவுக்கு மாற்றப்படவே, அவமானம் தாளாத நைனா செட்டு, விரிப்புகளால் அலங்கரித்த மேடையில் சந்தனக்கட்டை அடுக்கித் தீ மூட்டி, அதிற் புகுந்து மாய்ந்தார் என்பர் போர்த்துக்கேயர். மறு ஆண்டே அப்துல்லாவும் கொலைத்தண்டனை பெற்றார்.

கிளிங் கலிங்கத்தின் திரிபென்று அறிஞர் சொல்லி நிறுத்துவர். கலிங்கத்துப்பரணியின் நாடு அது, சரி. ஆனால் பெரும்பாணாற்றுப்படையும் புறநானூறும் கலிங்கமென்று ஆடையையன்றோ குறிக்கின்றன? சோழமண்டலத்துத் துணிமூட்டைகளோடு கரையிறங்கிய நம்மவரை, நாட்டாலன்றிச் சரக்காலேயே மலாய் மக்கள் கிளிங்கரென்று அழைத்தனர் என்பது என் துணிபு. இன்று வசைச்சொல்லாகிவிட்ட அதனையே, 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் இன்னும் தாங்கி நிற்கிறது.

தஞ்சோங் என்றால் கடல்முனை. தஞ்சோங் கிளிங் துணி வணிகரின் முனை. அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர்கள் இனியேனும் குழந்தைகளுக்கு விலங்குக் கதையைச் சொல்லாதிருப்பாராக.