குவாண்டம் சீனோ விளைவு

குவாண்டம் சீனோ விளைவு என்பது, ஒரு குவாண்டம் அமைப்பை அடிக்கடி அளவிடும்போது அதன் நிலைமாற்றம் தடைப்படுவதைக் குறிக்கும் இயற்பியல் தோற்றப்பாடு ஆகும். தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிர்விக்கப்பட்ட அணுக்களை ஒளியால் கண்காணிக்கும் சோதனைகளில் இவ்விளைவு காணப்பட்டுள்ளது.

பெயரும் வரலாறும்

பைத்யநாத் மிசுராவும் ஈ. சி. ஜி. சுதர்சனும் 1977 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இப்பெயரை முன்வைத்தனர். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்திலேயே இருப்பதால் அது நகர்வதேயில்லை என்று வாதிட்ட பண்டைய கிரேக்க மெய்யியலாளர் சீனோவின் நினைவாக இப்பெயர் அமைந்தது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் பிறந்த சுதர்சன் (1931–2018), தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். 1980களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

விளக்கம்

குறுகிய கால அளவில், ஓர் அணு தன் தொடக்க நிலையிலிருந்து மாறுவதற்கான நிகழ்தகவு காலத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காலம் பத்தில் ஒரு பங்கானால் நிகழ்தகவு நூறில் ஒரு பங்காகக் குறையும். ஒவ்வோர் அளவீடும் அணுவைப் பெரும்பாலும் தொடக்க நிலைக்கே மீட்கிறது. ஆகவே அதே காலத்துக்குள் பத்து முறை அளவிட்டால், மொத்த நிகழ்தகவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிறது. இங்கு அளவீடு என்பதற்கு மனிதர் பார்க்க வேண்டியதில்லை. அணுவின் நிலை பற்றிய தகவலைச் சிதறும் ஒளி சுமந்து சென்றாலே போதும்.

சோதனைகள்

1990 இல் அமெரிக்காவின் தேசிய சீர்தர, தொழில்நுட்ப நிறுவனத்தில், லேசரால் குளிர்விக்கப்பட்ட சுமார் 5000 பெரிலியம் அயனிகள் ஆராயப்பட்டன. அவற்றின் நிலையை முழுமையாக மாற்றவல்ல வானொலி அலை 256 மில்லிநொடிகள் செலுத்தப்பட்டது. இடையே 64 லேசர்த் துடிப்புகளால் அளவிட்டால் மாற்றம் ஏறத்தாழ 4% ஆகக் குறையும் என்பது கோட்பாட்டுக் கணிப்பு. துடிப்புகள் கூடக்கூட மாற்றம் குறைந்ததைச் சோதனை உறுதிசெய்தது.

2015 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், லேசர் ஒளியால் உருவான பின்னலில் ருபீடியம் அணுக்கள் அடைக்கப்பட்டன. இவ்வணுக்கள் ஆற்றல் தடையை ஊடுருவி அண்டைக் குழிகளுக்குச் செல்லக்கூடியவை. படமெடுக்கும் ஒளியின் செறிவைக் கூட்டியபோது இந்த இடமாற்றம் மட்டுப்பட்டது.

எதிர் விளைவு

அளவீடு எப்போதும் மாற்றத்தைத் தடுப்பதில்லை. அளவீடுகளின் இடைவெளியைப் பொறுத்து மாற்றம் விரைவாகவும் கூடும். இது எதிர்ச்சீனோ விளைவு எனப்படும். 2001 இல் ஆசுட்டினிலுள்ள டெக்சாசு பல்கலைக்கழகத்தில், குளிர்விக்கப்பட்ட சோடியம் அணுக்களில் இவ்விரு விளைவுகளும் காணப்பட்டன.